சங்கரியின் அடுப்புக்கு வெள்ளிக்கிழமைக் குளியல்

பெஹாலா சௌரஸ்தாவில், மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் போகும் சந்தில் சங்கரியின் தோசைக் கடை இருக்கிறது. வழி கேட்க வேண்டாம். காலையில் போனால் நெய் வாசனையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். நான் அடுத்த தெருவில் குடியிருக்கிறேன். பெயர் ராம்கி, ஒரு வங்கியில் அதிகாரி. அந்த அதிகாரமெல்லாம் வங்கிக் கதவோடு சரி. சங்கரியின் கடையில் நான் வெறும் "மூணாவது பெஞ்சு சார்". இரண்டு தோசையோடு எழுந்தால், "என்ன சார், வீட்டுல ரோஹிணிம்மா உப்புமா கிண்டிட்டாங்களா? மூஞ்சி வாடிப் போயிருக்கு" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பாள். அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது.

சங்கரிக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி நேராக இந்த வங்காள ஊருக்கு வந்தவள். அப்போது அவள் கணவர் வீரபாண்டியன் கார்டன் ரீச்சில் ஒரு கேண்டீனில் வேலை பார்த்தார். ஒரே வீட்டில் ஆறு குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு சமையலறை. புதிதாக வந்தவளுக்கு முறை கடைசியில்தான் வரும். "என் முற வர்றதுக்குள்ள பசியே அடங்கிப்போயிரும் சார். அடுப்புல மத்தவங்க கொழம்பு கொதிக்கிறதப் பாத்துக்கிட்டே நிப்பேன்" என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

பிறகு வீரபாண்டியன் கேண்டீனை விட்டுவிட்டு, பெஹாலாவில் இந்த வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தார். கடைக்குக் கதவு வருவதற்கு முன்பே அடுப்பு வந்தது. இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை, உள்ளே பெரிய கேஸ் பர்னர்கள், அதன் மேல் கான்கிரீட் பலகை, பலகையில் வெட்டிய வாய்க்கு மேல் ஒரு ஆள் படுத்துறங்கும் நீளத்தில் தோசைக்கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டு அன்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வீரபாண்டியன் இதைச் சொல்லி இன்னமும் கேலி செய்வார்.

மாடியில் வீட்டுக்காரி மாஷிமா இருக்கிறார். மாஷிமா என்றால் அம்மாவின் சகோதரி. இந்த ஊரில் வயதான பெண்மணிகள் எல்லோருமே அக்கம்பக்கத்துக்கு மாஷிமாதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், ஏனென்றால் அவரோடு கோபால் இருக்கிறான். கோபால் பித்தளையில் செய்த தவழும் கிருஷ்ணன். அவனுக்குக் குட்டித் தலையணை, குட்டிக் கொசுவலை, குளிர்காலத்துக்குக் கம்பளிச் சட்டைகூட உண்டு. அவன் உட்காரும் ஊஞ்சல் இருப்பது சரியாக சங்கரியின் அடுப்புக்கு நேர் மேலே. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

முதல் தடவை கான்கிரீட் பலகை வெடித்தபோது நான் இட்லியில் கை வைத்திருந்தேன். "டம்" என்று ஒரு சத்தம். பலகையின் ஒரு மூலை தெறித்துச் சாம்பார் அண்டாவில் விழுந்தது. நல்ல வேளை, யார் மேலும் படவில்லை. அடுத்த நொடி மாடியில் "ஓ மா!" என்று ஒரு அலறல். சத்தத்தில் ஊஞ்சல் அதிர்ந்து கோபால் தரையில் உருண்டிருந்தான். வீரபாண்டியன் சிமெண்டு குழைத்துப் புதுப் பலகை போட்டார். சில மாதத்தில் அதுவும் வெடித்தது, கோபால் மறுபடி உருண்டான். மாஷிமா படியிறங்கி வந்து, கோபாலை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஷொங்கொரி, என் பிள்ளைக்கு இடுப்பு உடைந்தால் யார் பொறுப்பு?" என்று வங்காளியில் கேட்டார். "நான்தான் மாஷிமா" என்றாள் சங்கரி, மெல்ல. அவள் மெல்லப் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

இதை வீட்டில் சொன்னது என் தப்பு என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ரோஹிணி நியூ டவுனில் ஒரு கட்டடப் பொருள் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வேலை என்றால் கான்கிரீட்டைச் சுடுவது. பெரிய உலையில் கான்கிரீட் கட்டிகளை வைத்து எண்ணூறு டிகிரி வரை சூடேற்றி, ஆறிய பிறகு நசுக்கி, எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பாள். கட்டடத்தில் தீப்பிடித்தால் தூண் நிற்குமா விழுமா என்று தெரிய வேண்டாமா? வீட்டில் அப்பளம் சுட்டால் கருக்கிவிடுவாள், அது வேறு விஷயம்.

நான் சொன்னதைக் கேட்டதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அது சாதா சிமெண்டா? சிமெண்டுன்னா அப்படித்தான் தெறிக்கும். உள்ள கட்டிப் பிடிச்சிண்டிருக்கற தண்ணிதான் அதுக்கு உசிரு. சூடு ஏற ஏற அந்தத் தண்ணி கழண்டுண்டு ஓடும், ஓட வழியில்லேன்னா ஆவி முட்டி வெடிக்கும். நான் ஜியோபாலிமர்ல ஒரு பலகை பண்ணித் தரேன்."

"அதுல என்ன விசேஷம்?"

"சிமெண்டே கெடையாது. அனல் மின் நிலையத்துச் சாம்பல், அதைக் கெட்டியாக்க ஒரு காரத் திரவம், ஜல்லி, மணல், அவ்வளவுதான். அதுலயும் தண்ணி இருக்கும், ஆனா ஒட்டிண்டு இருக்காது. துளித் துளி துவாரத்துல சும்மா குடியிருக்கும். சூடு வந்தா அந்த வழியாவே வெளிய போயிடும். இன்னும் சூடு பண்ணினா மிச்சமிருக்கற சாம்பல் உருகி ஒட்டிண்டு, சில கலவை முன்னைவிடக் கெட்டியாக்கூட ஆகும். எங்க உலையில எவ்வளவோ பாத்தாச்சு ராம்கி."

"தீச்செங்கல் வெச்சுட்டா போறாதா?" என்று கேட்டேன். எனக்கும் கொஞ்சம் விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா?

"சுவத்துக்கு வெக்கலாம். நடுவுல வாய் வெச்சு, ரெண்டடி தூரம் தாங்கி நிக்கணும்னா செங்கல் பர்னர் மேலயே விழுந்துடும்" என்றாள். நான் மோர் சாதத்துக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் பலகை தயாரானது. சாம்பல் நிறத்தில், மழமழவென்று, கோணல் இல்லாமல் இருந்தது. நியூ டவுனிலிருந்து அதை ஆப் டாக்ஸியில் கொண்டுவந்தோம். டிக்கியில் ஏற்றும்போது டிரைவர் ரோஹிணியிடம், "தீதி, இது என்ன, யாருடைய கல்லறைக் கல்?" என்று கேட்டார். ரோஹிணி அதை ரசிக்கவில்லை. நான் ரசித்தேன்.

திங்கட்கிழமை காலை சங்கரி பூஜை போட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். பலகை கம்மென்று இருந்தது. செவ்வாய், புதன், வியாழன் என்று ஓடியது. ரோஹிணி தினமும் எனக்கு போன் செய்து, "எப்படி இருக்கு?" என்பாள். எங்கள் மகனுக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட அத்தனை தடவை விசாரித்ததில்லை. சங்கரியும் வருகிற போகிறவர்களிடமெல்லாம், "ரோஹிணிம்மா செஞ்ச பலக. அக்கினிக்கே தண்ணி காட்டும்" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அது "டம்" என்றது.

முந்தைய சத்தத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் பலகை குறுக்கே விரிந்துவிட்டது, ஒரு சில்லு தெறித்து பெஞ்சுக்கடியில் ஓடியது. கோபாலுக்குச் சத்தத்தின் அளவெல்லாம் கணக்கில்லை, இந்தத் தடவையும் விழுந்தான். மாஷிமா இறங்கி வந்தார். கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கணக்கு விடையைப் பலகையில் எழுதி அடிக்கோடு போடுகிற தொனியில் சொன்னார்:

"ஷொங்கொரி, உன் தோசை எனக்குப் பிடிக்கும். உன்னையும் பிடிக்கும். ஆனால் இன்னொரு தடவை இந்தச் சத்தத்தில் என் கோபால் விழுந்தால், துர்கா பூஜைக்கு முன்னால் நீ வேறு இடம் பார்த்துக்கொள்."

அவர் படியேறிப் போன பிறகு சங்கரி விரிசல் விட்ட பலகைப் பக்கத்தில் நின்று, சூடு ஆறியிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் செங்கல் மேடையில் உள்ளங்கையை வைத்தாள். "இந்த ஊருல எனக்குன்னு மொதல்ல வந்தது இந்த அடுப்புதான் சார். இத இடிச்சிட்டுப் போகச் சொன்னா எங்கிட்டுப் போவேன்?" என்றாள். வீரபாண்டியன் சாம்பார் அண்டாவை மூடினார். நான் அன்று சாப்பிடாமல் வங்கிக்குத் திரும்பினேன்.

பெஞ்சுக்கடியில் பொறுக்கிய சில்லை அன்று ராத்திரி ரோஹிணியிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்தச் சில்லை விளக்குக்கடியில் வைத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "உலை பொய் சொல்லாது ராம்கி. எண்ணூறு டிகிரில நின்ன சரக்கு, ஒரு தோசைக் கடையில விழுமா? கடையில ஏதோ நடக்கறது. நான் போய் உக்காரப் போறேன்" என்றாள். ஒரு வாரம் லீவு போட்டாள். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவள் நாலு நாள்தான் லீவு எடுத்தாள் என்பதைப் பணிவோடு இங்கே பதிவு செய்கிறேன்.

கூடத்தில் மிச்சமிருந்த இன்னொரு பலகையைக் கொண்டுவந்து பொருத்தினாள். அதில் ஒரு கம்பியைச் செருகி, சூட்டைக் காட்டும் சின்னப் பெட்டியை மூன்றாவது பெஞ்சில், அதாவது என் இடத்தில், வைத்தாள். நான் நாலாவது பெஞ்சுக்குத் தள்ளப்பட்டேன். சோதனை விஷயத்தைச் சொல்லாமல் சங்கரி மாடிக்குப் போய், மாஷிமாவிடம் ஒரு வாரத்துக்குக் கோபாலை அடுத்த அறையில் தூங்க வைக்கும்படி ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வந்தாள். அவனுக்குக் காற்று மாற்றம் நல்லது என்றாளாம்.

வாரம் முழுக்க ரோஹிணி பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலைக் கூட்டம் முடியும்போது பர்னர் வாயோரம் பலகை நானூறைத் தொடும், மத்தியானம் தானாக இறங்கும். ஒரு கீறல் இல்லை. வெள்ளியன்றும் காலை அப்படியேதான் போனது. கூட்டம் கலைந்தது, கேஸ் அணைந்தது. சங்கரி பின்கட்டுக்குப் போய் ஒரு பக்கெட்டோடு வந்தாள். பக்கெட்டில் மஞ்சள் தண்ணீர், அதில் நாலு வேப்பிலை.

"அது எதுக்கு?" என்றாள் ரோஹிணி.

"வெள்ளிக்கெழமல்ல ரோஹிணிம்மா, அடுப்பக் குளிப்பாட்டப் போறேன்" என்று சொல்லிச் சங்கரி பக்கெட்டைத் தூக்கினாள்.

ரோஹிணி பெஞ்சைத் தாண்டிக் குதித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குதிக்கிற வழக்கமில்லை. இரண்டு கையாலும் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டாள். பாதித் தண்ணீர் அவள் புடவையில், மீதி என் கால் மேல்.

"வாராவாரம் இப்படித்தானா? கொதிக்கக் கொதிக்க இருக்கறப்பவா?"

"ஆமா. வேல பாத்து வேர்த்து நிக்கிறவளத்தான குளிப்பாட்டணும்? குளுந்து போனப்பறம் யாராச்சும் குளிப்பாட்டுவாகளா?"

"நான் பாத்திருக்கேனே" என்றேன் நான் ஈரக் காலை உதறிக்கொண்டே. "ஊத்தினா ஜம்முனு ஒரு ஆவி கெளம்பும். அதுக்கப்பறம்தான் எனக்கு வெள்ளிக்கிழமைச் சர்க்கரைப் பொங்கல் வரும்."

ரோஹிணி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் போதாது. "நீ இத்தன நாளா இதப் பாத்துண்டு பொங்கல் சாப்டிண்டிருந்தியா?" என்றாள். நான் என்ன செய்வேன், என் கவனமெல்லாம் முந்திரிப் பருப்பில் இருந்தது.

அவள் ஈரப் புடவையோடு உட்கார்ந்து யோசித்தாள். பிறகு தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

"உலையில சுட்டதுக்கப்பறம் நாங்க கதவத் தொறக்கவே மாட்டோம். மறுநாள் வரைக்கும் மெள்ள ஆற விடுவோம். அதனாலதான் அங்க ஒண்ணும் ஆகலை. இங்க நானூறு டிகிரில இருக்கும்போது பச்சத் தண்ணி விழறது. மேல்தோல் சட்டுன்னு சுருங்கறது, உள்ள இருக்கறது இன்னும் விரிஞ்சபடியே இருக்கு. ரெண்டும் இழுத்துண்டா கொஞ்ச நேரத்துல வெடிக்காம என்ன பண்ணும்? ஏற்கெனவே சூட்டுல ஜல்லி பெருக்கும், சாம்பல் பசை சுருங்கும், அந்தச் சண்டை வேற." கொஞ்சம் நிறுத்தி, "நெஜமாவே ஒரு கட்டடத்துல தீப்பிடிச்சா தீயணைப்பு வண்டி வந்து என்ன ராம்கி பண்ணும்? தண்ணிதானே அடிக்கும்! படிச்சிருக்கேன், தெரியும், ஆனா இந்தக் கலவைக்கு அதச் செஞ்சு பாக்காம விட்டுட்டேன்" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம், காரணம் தெரிந்துவிட்டது, இனி குளிப்பாட்டாமல் விட்டால் சரி என்று. சங்கரியின் முகத்தைப் பார்த்ததும் அது அத்தனை சுலபமில்லை என்று புரிந்தது.

"குளிப்பாட்டாம விடுறதுக்கு இது என்ன மிசினா?" என்றாள். "கார்டன் ரீச்சுல அடுத்தவுக அடுப்பத் தொடக்கூட முடியாது எனக்கு. எனக்குன்னு ஒண்ணு வந்தா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம குளிப்பாட்டிப் பொட்டு வெக்கிறேன்னு அப்பவே வேண்டிக்கிட்டேன். ஒரு வாரம் தவறுனதில்ல. பெரசவத்துக்கு ஆஸ்பத்திரில கெடந்தப்பக்கூட இவுகளச் செய்யச் சொன்னேன்." வீரபாண்டியன் ஆமாம் என்று தலையாட்டினார். "கடய விட்டாலும் விடுவேன், இத விட மாட்டேன்."

ரோஹிணி பட்டென்று பதில் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். ஆனால் அவள் சங்கரியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"குளிப்பாட்ட வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல சங்கரி. வெயில்ல வேலை செஞ்சு வேர்த்து விறுவிறுத்து வரவா தலையில பச்சத் தண்ணி ஊத்தச் சொல்லுவேளா நீங்க?"

"அய்யய்ய, சன்னி வந்துரும்ல."

"அவளுக்கும் அதான் வரது."

சங்கரி அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டு நாளா சன்னியோடயா வேல பாத்துருக்கா இவ!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அவள் அதை முழு மனதோடு சொன்னாள்.

அங்கேயே பேசி முடிவானது. இனிக் குளியல் வெள்ளிக்கிழமை விடியலில், அடுப்பு குளிர்ந்து கிடக்கும்போது. குளித்த ஈரத்தோடு பெரிய தீயை மூட்டினால் ஆவி முட்டும், அதனால் முதலில் சிறு தீயில் ஒரு பாத்திரம் பால் வைத்து, அது மெல்லக் காய்ந்து பொங்குகிற வரை வேறு எதுவும் ஏற்றக் கூடாது. "பாலா? அப்ப வாராவாரம் புது வீடு குடிபோற மாதிரில்ல இருக்கும்!" என்று சங்கரி உற்சாகமாகிவிட்டாள். பொங்கின பாலில் பாயசம் வைப்பது என்பதும் அவளே சேர்த்துக்கொண்ட விதி. நான் அதை வழிமொழிந்தேன்.

ரோஹிணி இன்னொரு பலகை வார்த்தாள். இந்தத் தடவை ஜல்லிக்குப் பதிலாக உடைத்த தீச்செங்கல், ஏனென்றால் அது சூட்டில் அதிகம் பெருக்காது. ஒரே பெரிய பலகையாக இல்லாமல் சுவருக்குச் சுவர் எட்டும் தனித்தனி நீளத் துண்டுகளாக, நடுவில் விரிவதற்கு இடம் விட்டு. சோதனைக் கூடத்தில் அதே கலவைக் கட்டிகளை உலையிலிருந்து எடுத்த சூட்டோடு தண்ணீரில் போட்டும் பார்த்தாள். சிலது நின்றது, சிலது விரிந்தது. எந்தச் சூட்டுக்குமேல் தாங்காது என்று அவளுக்கு இப்போது தெரியும். கூடத்தில் எல்லோரும் அதை "ஃப்ரைடே டெஸ்ட்" என்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏன் அந்தப் பெயர் என்றே தெரியாதாம்.

புதுப் பலகை ஏறி ஒரு வெள்ளி போனது, இரண்டு போனது, மழைக்காலம் முழுவதும் போனது. வாயோரம் சாம்பல் நிறம் மாறிச் செங்கல் நிறம் வந்தது. சங்கரி பதறிப் போய் ரோஹிணிக்கு போன் போட்டாள். சாம்பலில் இருக்கும் இரும்பு சூட்டில் சிவக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. "குங்குமம் வெக்காமயே செவந்துட்டா" என்று அதற்கும் ஒரு பெருமை.

மாஷிமாவுக்கு வெள்ளிதோறும் ஒரு கிண்ணம் பாயசம் மாடிக்குப் போனது. முதலில் வாசலிலேயே வாங்கிக்கொண்டார். பிறகு விடியலில் படிக்கட்டில் வந்து நின்று குளியலைப் பார்க்க ஆரம்பித்தார். மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, கோலம், பொட்டு எல்லாவற்றையும் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு கவனிப்பார். "அடுப்பும் லக்ஷ்மிதானே, நாங்கள் ஏன் இதைச் செய்வதில்லை?" என்று ஒரு நாள் கேட்டார். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் கெடு மட்டும் கெடுவாகவே இருந்தது. பூஜை நெருங்க நெருங்க, ஒரு தட்டு கீழே விழுந்தால்கூடச் சங்கரி மாடியைத்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

மஹாளயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. சந்து முனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பால் பொங்கி இறங்கி, காலைக் கூட்டம் பாதி முடிந்திருந்தது. ரோஹிணியும் அன்று வந்திருந்தாள். அவள் மூன்றாவது பெஞ்சில், நான் நாலாவதில். அது அப்படியே நிலைத்துவிட்டது.

"டம்!"

இதுவரை கேட்டதிலேயே பெரிய சத்தம். தொடர்ந்து சலசலவென்று ஏதோ கொட்டியது. அதற்கும் மேல் மாடியிலிருந்து, சர்வநாசம் என்று மாஷிமாவின் அலறல்: "ஷொர்பொநாஷ்! கோபால்!"

சங்கரியின் கையிலிருந்து தோசைத் திருப்பி விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. "போச்சு" என்றாள், அவ்வளவுதான். வீரபாண்டியன் ஓடிப் போய் கேஸை அணைத்தார். ரோஹிணி மேடைக்குக் குனிந்து, ஒவ்வொரு துண்டாக, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். சங்கரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"சங்கரி, கண்ணத் தொறங்கோ" என்றாள் ரோஹிணி. "ஒரு கீறல்கூட இல்ல."

பலகை எதுவும் நடக்காத மாதிரி செக்கச் செவேலென்று உட்கார்ந்திருந்தது. தோசைக்கல்லில் கடைசி தோசை அமைதியாக முறுகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம். மாஷிமா மெல்ல, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். ஒரு கையில் கோபால். இன்னொரு கையில் ஒரு சின்னப் பக்கெட், அதன் அடியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீரும் ஒரு வேப்பிலையும். முந்தானை முழுக்க ஈரம்.

எங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. பூஜைக்கென்று மாஷிமா புதிதாகக் கண்ணாடித் தளம் போட்ட கேஸ் அடுப்பு வாங்கியிருந்தார். அதற்கும் வெள்ளிக்கிழமைக் குளியல் செய்ய ஆசைப்பட்டிருக்கிறார். காலையில் சீக்கிரம் எழ முடியவில்லை. காலை டீயைப் போட்டு இறக்கிய சூட்டோடு சூடாக மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டார். கண்ணாடி சுக்கு நூறாகிவிட்டது.

"ஐயோ மாஷிமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று ரோஹிணி ஓடினாள்.

"எனக்கு ஒன்றும் இல்லை. தள்ளி நின்றுதான் ஊற்றினேன்" என்றார் மாஷிமா. சங்கரியின் எதிரே வந்து நின்றார். கணக்கு வாத்தியார் முகம் அன்றைக்குக் கணக்குத் தப்பாய்ப் போன மாணவியின் முகமாக இருந்தது. "ஷொங்கொரி, கோபால் விழுந்துவிட்டான். இந்தத் தடவை நான் தள்ளி விட்டேன். நான் சொன்ன சட்டப்படி, நான்தான் வீட்டைக் காலி செய்ய வேண்டும்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வீரபாண்டியனாக இருக்க வேண்டும். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை கேட்டதே இல்லை. கடை முழுவதும் சிரித்தது, மாஷிமாவும் சிரித்தார். சங்கரி மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த தோசைத் திருப்பியை எடுத்துக் கழுவினாள்.

மாஷிமா தயங்கினார். "கோபால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. என் அடுப்புதான் போய்விட்டதே. உன் அடுப்பில் அவனுக்குக் கொஞ்சம் பாயேஷ் வைக்கலாமா? உன் முறை முடிந்த பிறகு வைக்கிறேன், நான் காத்திருக்கிறேன்."

சங்கரி தோசைக்கல்லை ஒரு பக்கம் நகர்த்தி, பர்னரைச் சிறு தீயில் வைத்தாள். மாஷிமாவின் கையிலிருந்து பக்கெட்டை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, பால் பாத்திரத்தைக் கொடுத்தாள்.

"இங்கே யாரும் முறைக்குக் காத்திருக்க வேண்டாம் மாஷிமா" என்றாள் தன் அருப்புக்கோட்டை வங்காளியில். "நீங்க முதல்ல வைங்க."